ஒரு அடிதானே?



ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒரு எரிமலையைச் சுத்தி 150 கிலோமீட்டர் நடைபாதை. வழியெல்லாம் பூ. பாதையிலிருந்து ரெண்டு அடி தள்ளி ஒரு இடம் இருக்கு. அங்க நின்னா பின்னாடி பனிமலை, முன்னாடி இடுப்பு வரைக்கும் பூ, போட்டோ அருமையா விழும். கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஆள் இல்ல. ஒரே ஒரு அடி எடுத்து வச்சா என்ன தப்பு?

'ஒரு அடிதானே' என்கிற இந்த வார்த்தை நமக்கு ரொம்பப் பழக்கமானது. ஒரு கவர்தானே, ஒரு நிமிஷம்தானே, நான் ஒருத்தன்தானே. நாம செய்யுற பெரும்பாலான தப்புகள் பெரிய தப்பாகவே நம்ம முன்னாடி வந்து நிக்கிறதில்ல. இந்தச் சின்ன வேஷத்துலதான் வருது. அதனால அந்த மலையையே உதாரணமா எடுத்துக்கிட்டு இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையா பார்ப்போம்.

மலை எது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரத்துக்குத் தென்கிழக்கே இருக்கும் மவுண்ட் ரெய்னியர். உயரம் 4,392 மீட்டர். உறங்கிக்கிட்டிருக்கிற எரிமலை, ஆனா அணைஞ்சு போனது இல்ல. அலாஸ்காவை விட்டுட்டுப் பார்த்தா அமெரிக்காவிலேயே பனிப்பாறைகள் அதிகம் மூடியிருக்கிற சிகரம் இதுதான். 1792இல் கடல் வழியா வந்த ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவர், தன் நண்பரான கடற்படை அதிகாரி பீட்டர் ரெய்னியரின் பேரை இதுக்கு வச்சார். அதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடியிருந்தே அங்க வாழ்ந்த நிஸ்குவாலி, புயாலப், யாகமா போன்ற மக்கள் அதைத் தஹோமா என்பதை ஒட்டிய பேர்களில் அழைச்சாங்க. 1899இல் இது தேசியப் பூங்கா ஆனது.

மலையைச் சுத்திவர ஒரு பாதை இருக்கு. வொண்டர்லேண்ட் டிரெயில்னு பேர். 1915இல் முழுச் சுற்றும் தயாரானது. 93 மைல், அதாவது ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஏமாந்துடக் கூடாது. மலையின் பனிப்பாறைகளிலிருந்து ஆறுகள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி எல்லாத் திசையிலும் இறங்குது. சுத்திவரணும்னா ஒவ்வொரு ஆரத்தையும் குறுக்கே கடக்கணும். ஒரு முகட்டில் ஏறி, ஆத்துக்கு இறங்கி, மறுபடி அடுத்த முகட்டில் ஏறணும். மொத்த ஏற்றத்தையும் கூட்டினா 6,700 மீட்டருக்குக் குறையாது. பெரும்பாலானவங்களுக்கு 10 முதல் 14 நாள் ஆகும்.

கூடாரம், தூங்குற பை, அடுப்பு, மழைச்சட்டை, சாப்பாடு எல்லாம் முதுகில். இத்தனை நாளைக்கான சாப்பாட்டை ஒரேயடியா சுமக்க முடியாதுன்னு, வழியில் இருக்கிற வனக்காவலர் நிலையங்களுக்கு முன்கூட்டியே டப்பாவில் போட்டு அனுப்பி வச்சிடுவாங்க. நடந்து போய்ச் சேர்ந்ததும் எடுத்துக்கலாம். கரடி வரும் இடம் என்பதால ராத்திரி சாப்பாட்டை உயரமான கம்பத்தில் தொங்கவிடணும். குறிப்பிட்ட முகாம்களில்தான் தங்கலாம். விறகு போட்டுத் தீ மூட்டக் கூடாது. எடுத்துப் போன குப்பையைத் திரும்பச் சுமந்துக்கிட்டு வரணும், ஒரு மிட்டாய் காகிதம் உள்பட.

பூக்காலம்

பூங்காவின் தெற்குப் பக்கம் பாரடைஸ்னு ஒரு மேடு. 'சொர்க்கம்'னு அர்த்தம். 1885இல் மார்த்தா லாங்மைர் என்ற பெண் அந்தப் பூவெளியை முதல்முறை பார்த்து வியந்து சொன்ன வார்த்தையே ஊர்ப்பேரா நின்னுடுச்சுன்னு சொல்வாங்க. நடைபாதை அதுக்குச் சற்றுக் கீழே போகுது. அங்க ஒரு வருஷத்துக்குச் சராசரியா 16 மீட்டர் பனி விழும். 1971-72 குளிர்காலத்தில் 28 மீட்டருக்கும் மேல் விழுந்தது. நம்ம ஊர் எட்டு மாடிக் கட்டிடம் மூழ்குற அளவுக்குப் பனி!

அந்தப் பனி ஜூலை நடுவில்தான் முழுசா உருகி முடியும். செப்டம்பர் கடைசியில் திரும்பக் குளிர் வந்துடும். நடுவுல கிடைக்கிற ரெண்டு மூணு மாசத்துக்குள்ள ஒரு செடி முளைச்சு, இலை விட்டு, பூத்து, வண்டை வரவழைச்சு, விதை போட்டு, அடுத்த வருஷத்துக்கான உணவைக் கிழங்குலயும் வேர்லயும் சேமிச்சு முடிக்கணும்.

முதல்ல வர்றது அவலாஞ்ச் லில்லி. பனி உருகுற ஓரத்துலயே, சில சமயம் மிச்சமிருக்கிற மெல்லிய பனியைத் துளைச்சுக்கிட்டே, வெள்ளையா எட்டிப் பார்க்கும். அடுத்து நீல ஊதா நிற லூபின், சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்த தூரிகை மாதிரி இருக்கிற பெயிண்ட்பிரஷ், வெள்ளைக் கொத்தா வலேரியன், இளஞ்சிவப்பு மணி மணியா ஹெதர். ஜூலை கடைசியும் ஆகஸ்ட் முதல் பாதியும் உச்சம். ஸ்ப்ரே பார்க், சம்மர்லேண்ட், இந்தியன் ஹென்ரியின் வேட்டைநிலம் என்று பாதையை ஒட்டின பல மேட்டுவெளிகள் அந்தச் சமயத்தில் தரை தெரியாத அளவுக்குப் பூத்திருக்கும்.

இந்தச் செடிகளில் பெரும்பாலானவை ஒரே வருஷத்தில் வளர்ந்து முடியுறவை இல்ல. அவலாஞ்ச் லில்லி விதையிலிருந்து பூக்கிற நிலைக்கு வரவே பல வருஷம் ஆகும். ஹெதர் பார்க்க முழங்கால் உயரம்கூட இல்லாத புதர். ஆனா ஒவ்வொரு வருஷமும் கொஞ்சமே கொஞ்சம்தான் வளரும். நம்ம பூட்ஸுக்குக் கீழ நசுங்குறது நம்மைவிட வயசான ஒரு உயிரா இருக்கலாம்.

ஒரு அடி என்ன செய்யும்?

ஒரு பூ நசுங்குவது விஷயத்தின் சின்னப் பகுதிதான். மான் மிதிக்கும், கரடி புரளும், மார்மட் என்கிற குண்டு அணில் மாதிரியான பிராணி லூபினை உக்காந்து ரசிச்சுச் சாப்பிடும். அதெல்லாம் வெளி தாங்கிக்கும். மனுஷன் காலில் வேற ஒரு விஷயம் இருக்கு. அது திரும்பத் திரும்ப அதே இடத்தில் விழும்.

மிதிபட்ட மண் இறுகும். இறுகின மண்ணில் தண்ணி உள்ள இறங்காது, விதை வேர் பிடிக்காது. பனி உருகி வர்ற தண்ணி அந்தத் தடத்தையே வாய்க்காலா எடுத்துக்கும். வாய்க்கால் ஆழமாகும். அடுத்து வர்றவர் சேறுன்னு பயந்து அதுக்குப் பக்கத்தில் நடப்பார். அங்கயும் தடம் விழும். பத்து வருஷத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை நாலஞ்சு கிளையா பிரிஞ்சு, நடுவுல இருந்த பூவெல்லாம் மண்மேடா நிக்கும்.

பாரடைஸில் இது நிஜமா நடந்தது. கார், கூடாரம், குதிரைச் சவாரின்னு எல்லாமே அந்தப் பூவெளி மேலயே ஒரு காலத்தில் நடந்தது. 1931இல் அங்க ஒன்பது குழி கோல்ஃப் மைதானமே போட்டாங்க. அது சீக்கிரமே கைவிடப்பட்டது. ஆனா மிதிபட்ட வெளியைச் சரிசெய்யுற வேலை இன்னிக்கும் நடக்குது. பூங்காவே பசுமைக்குடில் வச்சு, அதே வெளியில் சேகரிச்ச விதையை முளைக்க வச்சு, தன்னார்வலர்கள் கையால ஒவ்வொரு நாத்தா நட்டுக்கிட்டு வர்றாங்க.

ஆராய்ச்சி சொல்ற இன்னொரு முக்கியமான விஷயம்: மிதிபடுறதால வர்ற சேதம் நேர்க்கோட்டில் ஏறுறதில்ல. தொடாத இடத்தில் விழுற முதல் சில காலடிகள்தான் பெரும்பங்கு சேதத்தைச் செய்யுது. ஏற்கெனவே வெறும் மண்ணாகிப்போன பாதையில் ஆயிரத்து ஒண்ணாவது காலடி விழுந்தா கூடுதலா எதுவும் பெருசா கெடப்போறதில்ல. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

'நான் ஒருத்தன்தானே' என்கிற கணக்கு

இப்போ தத்துவத்துக்கு வருவோம். இது ரொம்பப் பழைய புதிர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் யூபுலிடிஸ் என்ற கிரேக்கர் கேட்டதா சொல்வாங்க: ஒரு மணல் குவியலிலிருந்து ஒரு மணலை எடுத்தா அது குவியலா இல்லாம போயிடுமா? போகாது. இன்னொண்ணு? போகாது. இப்படியே எடுத்துக்கிட்டே இருந்தா கடைசியில் குவியலே இல்ல. எந்த ஒரு மணல் குவியலை அழிச்சது? பதில் சொல்ல முடியாது.

இதை நீதிக் கேள்வியா மாத்தினவர் ஜொனதன் குளோவர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி. 1975இல் அவர் ஒரு கதை சொன்னார். ஒரு கிராமத்தில் 100 பேர், ஆளுக்கு ஒரு கிண்ணம், கிண்ணத்துக்கு 100 பயறு. மத்தியானச் சாப்பாடு அதுதான். 100 கொள்ளைக்காரங்க ஆயுதத்தோட வந்து ஆளுக்கு ஒரு கிண்ணத்தைப் பிடுங்கிச் சாப்பிட்டுப் போயிடுறாங்க. கிராமமே பட்டினி. அடுத்த வாரம் வரும்போது அவங்களுக்கு மனசாட்சி உறுத்துது. அதனால புது வழி கண்டுபிடிக்கிறாங்க. ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரே ஒரு பயறு மட்டும் எடுத்துக்கிறான். ஒரு பயறு குறைஞ்சா யாருக்காவது பசி தெரியுமா? தெரியாது. 'நான் யாரையும் பட்டினி போடல'ன்னு நூறு பேரும் நிம்மதியா திரும்பிப் போறாங்க. கிராமம் மறுபடியும் பட்டினி.

கதையைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வருது. ஏன்னா ஏமாத்து வேலை பளிச்னு தெரியுது. ஆனா 'ஒரு அடிதானே' என்பதும் அதே பயறுக் கணக்குதானே? நம்ம ஒருத்தர் செய்யுறது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது என்பதால் அது தப்பில்லைன்னு ஆகிடாது. இதையே 1984இல் டெரிக் பார்ஃபிட் என்பவர் இன்னும் விரிவா எழுதினார். ஒரு செயல் தனியா எவ்வளவு கெடுக்குதுன்னு மட்டும் பார்த்தா கணக்கு தப்பாகும், எந்தக் கூட்டுச் செயலில் அது ஒரு பங்கா இருக்குன்னும் பார்க்கணும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

'எல்லாரும் செஞ்சா என்ன ஆகும்?'

நம்ம வீட்டுல இதைத்தான் கேப்பாங்க. ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார்: நீ எந்த விதியின்படி நடக்கிறியோ அது எல்லாருக்கும் பொது விதியா இருக்கணும்னு உன்னால விரும்ப முடியுமா?

ஆனா புத்திசாலிப் பையன் ஒருத்தன் உடனே திருப்பிக் கேப்பான்: "எல்லாரும்தான் செய்யப்போறதில்லையே! இந்தப் பாதையில் தங்க அனுமதிச் சீட்டு வேணும். இடத்துக்குப் போட்டி இருக்கிறதால குலுக்கல் எல்லாம் வச்சுக் கொடுக்கிறாங்க. வர்றதே கொஞ்சம் பேர். அதுல முக்கால்வாசிப் பேர் ஒழுங்கா பாதையில் நடப்பாங்க. நான் மட்டும் ஒரு அடி வச்சா பூவெளி அழிஞ்சிடாது."

நியாயமான கேள்வி, ஒதுக்கிடக் கூடாது. 'எல்லாரும் செஞ்சா' என்கிற சோதனை அப்படியே பிடிச்சா சில சமயம் அபத்தமாகும். எல்லாரும் டாக்டர் ஆனா விவசாயம் யார் பார்ப்பா, அதனால டாக்டர் ஆகுறது தப்புன்னா சொல்வோம்?

அதனால கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேக்கணும்னு எனக்குத் தோணுது. 'எல்லாரும் செஞ்சா என்ன?' என்பதை விட, 'என் சாக்கு யார் யாருக்கெல்லாம் பொருந்தும்?' என்பதுதான் சரியான கேள்வி. 'நான் ஒருத்தன்தான், ஒரு அடிதான், யாரும் பார்க்கல' என்ற சாக்கு என்னோடது மட்டும் இல்ல. அந்தப் பாதையில் நடக்கிற ஒவ்வொருத்தருக்கும் அது அச்சு அசலா பொருந்தும். எனக்கு மட்டும் அதைக் கொடுத்து மத்தவங்களுக்கு மறுக்க என்ன காரணம் இருக்கு? 'மத்தவங்க ஒழுங்கா இருப்பாங்க' என்பதுதான் என் தைரியம்னா, நான் அவங்களோட ஒழுக்கத்தைச் செலவழிச்சு என் போட்டோவை வாங்குறேன். அங்க பூவெளி இன்னும் இருக்குறதே அவங்க எடுத்து வைக்காத அடிகளாலதான்.

குலுக்கல் விஷயத்தையும் சேர்த்து யோசிங்க. எனக்குச் சீட்டு கிடைச்சதுன்னா, என்னை மாதிரியே ஆசைப்பட்ட இன்னொருத்தருக்குக் கிடைக்கலைன்னு அர்த்தம். அவர் என்னைவிடக் குறைஞ்சவர் இல்ல, அதிர்ஷ்டம் இல்ல, அவ்வளவுதான். அவர் அடுத்த வருஷம் வருவார். நான் அவருக்காக அந்த வெளியைப் பத்திரமா வச்சிருக்கிற ஒரு காவலாளி மாதிரி. சீட்டை உரிமைன்னு நினைக்கிறவன் நடக்கிற விதமும், பொறுப்புன்னு நினைக்கிறவன் நடக்கிற விதமும் ஒண்ணா இருக்காது.

காலடி ஒரு அழைப்பு

இன்னொரு விஷயம் இருக்கு. முன்னாடி சொன்னேன்ல, முதல் சில காலடிகள்தான் பெரும் சேதம் செய்யுதுன்னு? அதோட இதையும் சேர்த்துக்கோங்க: காலடி தடம் விடும். தடம் பேசும். "இந்தப் பக்கம் போகலாம், நான் போனேன்"னு பின்னாடி வர்றவர் கிட்டச் சொல்லும். அவர் கெட்டவர் இல்ல. லேசா படுத்திருக்கிற புல்லைப் பார்த்து அது பாதைன்னே நினைச்சுடுவார். அப்போ நான் வச்சது ஒரு அடி இல்ல. ஒரு அறிவிப்புப் பலகை.

இன்னிக்கு அந்தத் தடம் மண்ணோட நிக்கிறதும் இல்ல. பூவுக்கு நடுவுல நின்னு எடுத்த படம் இன்ஸ்டாகிராமில் போகும், ஸ்டேட்டஸில் போகும். பார்க்கிறவங்க அதே இடம், அதே கோணம் தேடி வருவாங்க. படத்தில் பாதை தெரியாது, பூ மட்டும்தான் தெரியும். ஆயிரம் பேர் பார்த்தா ஆயிரம் பேருக்கும் நான் வழி காட்டிட்டேன். இதுல பெரிய வேடிக்கை, அந்த இடத்தோட அழகை நான் ரசிச்சதுக்கு அத்தாட்சியா எடுக்கிற படமே அந்த அழகுக்கு எமனா ஆகுறது.

அதுக்காகப் படமே எடுக்கக் கூடாதுன்னு சொல்லல. பாதையில் நின்னபடி எடுக்கிற படமும் அழகாத்தான் இருக்கும். படத்தில் அந்தப் பாதையும் தெரியட்டுமே. பார்க்கிறவங்களுக்கு அதுவும் ஒரு பாடம்.

யாரும் பார்க்கலைன்னா?

பாரடைஸில் நாள்பூரா ஆள் நடமாட்டம் இருக்கும், எச்சரிக்கைப் பலகை இருக்கும், தன்னார்வலர் யாராவது வந்து அன்பா "பாதைக்கு வாங்க"ன்னு சொல்வாங்க. ஆனா வொண்டர்லேண்ட் பாதையில் சில நாள் மணிக்கணக்கா ஒரு மனுஷ முகம் தெரியாது. அங்க நம்மைப் பாதையில் நிறுத்தி வைக்கிறது எது?

பிளேட்டோ எழுதின ஒரு கதையில் கைகீஸ் என்ற இடையன் கையில் மாய மோதிரம் கிடைக்கும். திருப்பிப் போட்டா ஆளே தெரியமாட்டான். அப்படி ஒரு மோதிரம் கிடைச்சா நல்லவனும் கெட்டவனும் ஒரே மாதிரிதானே நடந்துப்பாங்கன்னு அங்க ஒருத்தர் கேப்பார். 12 நாள் மலைப்பயணம் என்பது அந்த மோதிரத்தைப் போட்டுக்கிட்டு நடக்கிற மாதிரி. அபராதத்துக்குப் பயந்து ஒழுங்கா இருக்கிறவன் மூணாவது நாளே ஓரமா குறுக்குவழி பிடிப்பான். பூவை நினைச்சு ஒழுங்கா இருக்கிறவனுக்கு யார் பார்த்தாலும் பார்க்காட்டாலும் ஒண்ணுதான். அவனுக்கு அது கட்டுப்பாடாவே தெரியாது. தூங்குற குழந்தை பக்கத்தில் நாம மெதுவா நடக்கிறோமே, அங்க யார் நமக்கு விதி போட்டா?

'மலையே ஒருநாள் அழிச்சிடுமே!'

இதுதான் இருக்கிறதிலேயே கடினமான எதிர்க்கேள்வி. ரெய்னியர் ஒரு எரிமலை. சுமார் 5,600 வருஷத்துக்கு முன்னாடி அதோட உச்சிப்பகுதி சரிஞ்சு, சேறும் பாறையும் கலந்த பெருவெள்ளமா ஆறு வழியா பியூஜெட் சவுண்ட் கடல் வரைக்கும் ஓடியது. ஆஸியோலா சேற்றுப்பெருக்குன்னு சொல்றாங்க. இன்னிக்கு அந்தச் சேற்றின் மேலதான் ஊர்கள் இருக்கு. ஆர்டிங் என்ற ஊரில் அபாயச் சங்கு வச்சிருக்காங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரிசையா மேட்டுக்கு நடந்து போய்ப் பயிற்சி எடுக்கிறாங்க. பக்கத்திலேயே இருக்கிற செயின்ட் ஹெலன்ஸ் 1980 மே 18இல் வெடிச்சு, காடு மேடு எல்லாத்தையும் சில நிமிஷத்தில் சாம்பலாக்குச்சு.

அப்போ மலையே ஒருநாள் மொத்தப் பூவெளியையும் புதைக்கப்போகுது. நான் ஒரு செடியை மிதிச்சதுக்கு இவ்வளவு பேச்சா?

கேக்கச் சரி மாதிரித்தான் இருக்கு. ஆனா இதே வாதத்தை மனுஷங்க கிட்ட வச்சுப் பாருங்க. எல்லாருக்கும் ஒருநாள் சாவு வரப்போகுது. அதனால ஒருத்தரைக் காயப்படுத்தினா பரவாயில்லையா? இல்லவே இல்ல. ஒண்ணு நிலையில்லாததுன்னு தெரியும்போது அதோட மதிப்பு குறையுறதில்ல. இருக்கிற கொஞ்ச நாளுக்கு மதிப்பு கூடுது. மலை செய்யுறது நிகழ்வு. நான் செய்யுறது செயல். நிகழ்வுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது, என் செயலுக்கு நான்தான் பதில் சொல்லணும்.

இன்னொண்ணும் பாருங்க. செயின்ட் ஹெலன்ஸில் வெடிப்புக்கு அப்புறம் சாம்பலும் நுரைக்கல்லும் மட்டும் மிச்சமிருந்த வெளியில் சில வருஷத்துக்குள்ளேயே முதல்ல முளைச்ச செடிகளில் ஒண்ணு குட்டை லூபின். வேரில் இருக்கிற நுண்ணுயிர்களோட உதவியால காத்திலிருந்தே நைட்ரஜனை எடுத்துச் செத்த மண்ணுக்கு உரம் போட்டது. பூவுக்கும் எரிமலைக்கும் அவங்களுக்குள்ள ஒரு பழைய கணக்கு இருக்கு. அதை அவங்க தீர்த்துப்பாங்க. நடுவுல நம்ம பூட்ஸ் எதுக்கு?

அப்போ தொடவே கூடாதா?

அப்படியும் இல்ல. ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, அந்த மலையின் பழைய மக்கள் பூவெளியைத் தூர நின்னு பார்த்தவங்க இல்ல. கோடையில் மேல ஏறி வந்து ஹக்கிள்பெரி பழம் பறிச்சாங்க, வேட்டையாடினாங்க, பேர்கிராஸ் என்ற செடியின் இலையை அறுத்துக் கூடை பின்னினாங்க. ஆயிரக்கணக்கான வருஷம் இப்படி எடுத்தும் வெளி வெளியாவே இருந்தது. எடுக்கிறவங்களுக்கு அடுத்த வருஷமும் அங்க வரணும், அவங்க பேரப்பிள்ளைங்களும் வரணும் என்ற நினைப்பு இருந்தா எடுக்கிறதுலயே ஒரு அளவு வந்துடும். ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போறவங்களான நமக்குத்தான் அந்த அளவு தெரியாது. அதனாலதான் நமக்குப் பாதைன்னு ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க.

ரெண்டு, விதி பூவுக்காக, பூ விதிக்காக இல்ல. பாதை மேல பனி மூடியிருந்தா பனி மேல நடக்கலாம், கீழ இருக்கிற செடிக்கு ஒண்ணும் ஆகாது. எதிர்ல வர்றவருக்கு வழி விடணும்னா ஒரு கல் மேல ஏறி நில்லுங்க. பாதை சேறா இருந்தா சேத்துல நடுவுலயே நடங்க. ஆயிரத்து ஒண்ணாவது காலடிக்கு அங்க பாதிப்பு இல்ல, பக்கத்துப் பூவில் வைக்கிற முதல் காலடிக்குத்தான் பாதிப்பு. பூட்ஸ் அழுக்கானா கழுவிக்கலாம். ஆனா ஒருத்தர் வழுக்கிப் பூவெளியில் விழுந்து அடிபட்டுக் கிடந்தா? யோசிக்காம ஓடிப் போய்த் தூக்குங்க, எத்தனை பூ நசுங்கினாலும் சரி. அப்போகூட "விதி இருக்கே"ன்னு நிக்கிறவன் விதியோட அர்த்தம் புரியாதவன்.

ஏறுவதும் சுற்றுவதும்

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு விஷயம் இங்க சட்டுனு பிடிபடும். ரெய்னியர் உச்சிக்கு ஏற வருஷத்துக்கு ஏறக்குறைய 10,000 பேர் முயற்சி செய்யுறாங்க, சுமார் பாதிப்பேர்தான் உச்சியைத் தொடுறாங்க. சுத்திவர்றவங்களுக்கு அப்படி ஒரு உச்சி கிடையாது. மலை எப்பவும் ஒரு பக்கமா இருந்துக்கிட்டே இருக்கும். ஒரு நாள் மேகத்தில் மறையும், ஒரு நாள் ஏரியில் தலைகீழா தெரியும், 12 நாள் கழிச்சுக் கிளம்பின இடத்துக்கே வந்து சேருவோம். கையில் ஒண்ணும் இருக்காது.

பழனியிலயும் திருவண்ணாமலையிலயும் கிரிவலம் போனவங்களுக்கு இந்த நடை புதுசு இல்ல. மலையை வலப்பக்கமா வச்சுச் சுத்தி வர்றோம், ஏறி ஜெயிக்கிறதுக்காக இல்ல. அமெரிக்க மலையில் நடக்கிறவங்க பெரும்பாலும் வேண்டுதலோட நடக்கல, அதை நம்ம கிரிவலத்தோட ஒண்ணாக்க வேண்டியதில்லை. கடிகார முள் திசையிலயும் போறாங்க, எதிர்த்திசையிலயும் போறாங்க. ஆனா சுத்தி நடக்கிறது ரெண்டு இடத்திலயும் ஒரே விஷயத்தைக் கத்துக்கொடுக்குது: நடுவுல இருக்கிறது நான் இல்ல. மலை நடுவுல, நான் ஓரத்தில். 'ஒரு அடிதானே' என்கிற வார்த்தை, நான்தான் நடுவுலன்னு நினைக்கிற மனசிலிருந்துதான் வருது. அது மாறிட்டா பாதி வாதம் தானா அடங்கிடும்.

நமக்கு என்ன?

நம்மில் பலர் அந்த மலைக்குப் போகப்போறதில்ல. பரவாயில்ல. கேள்வி அங்க மட்டும் இல்லையே. அடுத்த தடவை 'ஒரு அடிதானே'ன்னு மனசு சொல்லும்போது மூணு கேள்வி கேட்டுப் பாருங்க.

இந்தச் சாக்கு வேற யாருக்கெல்லாம் பொருந்தும்?

நான் விடுற தடத்தைப் பார்த்து யார் பின்னாடி வருவாங்க?

இது கெடாம இருக்க யார் யாரோ தங்கள் காலை அடக்கிக்கிட்டிருக்காங்களே, அவங்களோட சேர்ந்து நிக்கிறேனா, இல்ல அவங்க சேமிப்பைச் செலவழிக்கிறேனா?

மூணுக்கும் நேர்மையா பதில் சொல்லிட்டு, அப்புறமும் அந்த அடியை வைக்கணும்னு தோணினா வைங்க. எனக்குத் தெரிஞ்சு அடிபட்டவரைத் தூக்கப் போற மாதிரி காரணம் இருந்தாதான் தோணும்.

எடுத்து வச்ச அடிக்கு எல்லாரும் சாட்சி சொல்வாங்க, தடம் இருக்கும், படம் இருக்கும். எடுத்து வைக்காத அடிக்குச் சாட்சியே கிடையாது. யாரும் பாராட்டமாட்டாங்க, லைக் விழாது. ஆகஸ்ட் மாசம் பனி உருகினதும் அந்த இடத்தில் ஒரு வெள்ளை லில்லி வழக்கம்போல எட்டிப் பார்க்கும். அது ஏன் அங்க இருக்குன்னு அதுக்கும் தெரியாது.

நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு குரூப்பில் சொல்லுங்க, மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமா எழுதுங்க. மலைக்கோ காட்டுக்கோ கிளம்பிக்கிட்டிருக்கிற நண்பர் யாராவது இருந்தா அவங்களுக்கும் அனுப்புங்க.